உள்ளங்கால் குழியில் கட்டி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு விடுவது

குளிக்கும்போது சோப்புக் கை உள்ளங்காலில் எதிலோ இடறும். அமுக்கிப் பார்த்தால் கொண்டைக்கடலை அளவில் ஒன்று, உருளாமல் நகராமல் அப்படியே நிற்கும். என்னிடம் வருகிறவர்கள் பலரும் அதை முதன்முதலில் கண்டுபிடித்த கதை இதுதான். நான் பிசியோதெரபிஸ்ட். என் இடது காலிலும் நாலு வருடமாக ஒன்று குடியிருக்கிறது.

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. கெடுதல் வருவது அனேகமாக நாம் செய்வதை முன்பின்னாகச் செய்வதால்தான். என்ன கட்டி என்றே தெரியாமல் மருந்து ஒட்டுகிறார்கள். செருப்பை மாற்றாமல் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும் முன்பே அறுவைக்குத் தேதி வாங்கிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பிளாஸ்டிக் ஸ்கேல், பால்பாயின்ட் பேனா, கேமரா உள்ள போன், ஒரு சின்ன நோட்டு, கொஞ்சம் சாந்துப் பொட்டு. சாந்துப் பொட்டு எதற்கென்று 6-வது படியில் தெரியும்.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) அளவையும் எழுதுங்கள். கடந்த ஆறு மாதத்தில் அதிகம் போட்டுத் தேய்ந்த செருப்பைத் தூக்கி எறிய வேண்டாம். கால் எங்கே எப்படி அழுந்துகிறது என்பதை அந்தச் செருப்பு காட்டிக்கொடுக்கும்.

1. கட்டி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து, கட்டி உள்ள காலை மறு முழங்கால் மேல் போடுங்கள். ஒரு கையால் பெருவிரலைக் கணுக்காலை நோக்கி மெல்ல வளையுங்கள். உள்ளங்கால் நடுவில், உட்பக்கமாக, ஒரு நாண் விறைத்து எழுவது தெரியும்.

அது குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை. பாத வளைவை வில் என்று வைத்துக்கொண்டால் இதுதான் அதன் நாண். அடியெடுத்து வைக்கும்போது இது கொஞ்சம் நீளும். விரலை ஊன்றிக் காலைத் தூக்கும்போது முறுக்கேறி, வளைவை மேலே இழுத்துப் பிடிக்கும்.

விரலை வளைத்ததும் கட்டி இன்னும் துருத்திக்கொண்டு, நாணில் விழுந்த முடிச்சு மாதிரி தெரிந்தால் அது பிளாண்டார் ஃபைப்ரோமா என்ற நார்க்கட்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தப் பட்டையின் நார்களே ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகித் திரண்டு நிற்பதுதான் இது. ஒன்றுக்கு மேல் கட்டிகள் வந்து பட்டை நெடுகப் பரவினால் லெடர்ஹோஸ் நோய் என்பார்கள். வேறு இடத்துக்குப் பரவிப் போகாது, புற்றும் அல்ல. ஆனால் தானாகக் கரைந்துவிடும் என்றும் காத்திருக்க வேண்டாம்.

இந்தச் சோதனையை ஒரு தடவை செய்தால் போதும். தினமும் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தால் சும்மா இருந்த கட்டியும் வலிக்கத் தொடங்கும். நானே முதல் மாதம் அப்படித்தான் வலியை வரவழைத்துக்கொண்டேன்.

2. அது வேறு எதுவாகவும் இருக்கலாமா என்று யோசியுங்கள்

கால் ஆணியில் தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் நினைப்பது அதைத்தான். அழுத்தமும் உராய்வும் விழும் இடத்தில்தான் ஆணி வரும். குதிகால், விரல்களின் அடிமேடு, விரல் ஓரம் அதற்கான இடங்கள். குழியில் எடையே அதிகம் விழாது என்பதால் அங்கே ஆணி வருவது அபூர்வம். அதோடு ஆணி தோலில் இருக்கும். நார்க்கட்டியின் மேல் தோல் வழவழப்பாக, ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கும்.

ஒரு பெரியவர் மருந்துக்கடையில் கார்ன் கேப் பிளாஸ்டர் வாங்கி மூன்று வாரம் விடாமல் ஒட்டியிருந்தார். "தம்பி, ஆணிதானே, மேல்தோலை பிளேடால சீவிட்டு ஒட்டினேன்" என்றார். அந்தப் பிளாஸ்டரில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் தோலைத்தான் கரைக்கும், அடியில் இருக்கும் நார்க்கட்டியைத் தொடாது. நல்ல தோல் வெந்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்ணாகியிருந்தது. அவருக்குச் சர்க்கரையும் இருந்ததால் அது ஆற மூன்று மாதம் ஆனது. கட்டி அப்படியே இருந்தது. எருக்கம்பால், சுண்ணாம்பு எல்லாம் இதே கதைதான்.

மரு என்றால் தோல் சொரசொரப்பாக இருக்கும், உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரியும், பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கும். நீர்க்கட்டி ரப்பர் பந்து போல அழுந்திக் கொடுக்கும். சில வாரம் சிறுத்தும் சில வாரம் பெருத்தும் இருக்கும். இருட்டறையில் போன் டார்ச்சைப் பக்கத்தில் வைத்து ஒளி ஊடுருவுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். உள்ளங்கால் தோல் தடிமன் என்பதால், ஒளி தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வராதீர்கள். கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும், விரலை வளைத்தாலும் விறைக்காது.

முள் குத்திய ஞாபகம் இருக்கிறதா என்று நன்றாக யோசியுங்கள். சீமைக்கருவேல முள்ளின் நுனி உள்ளே ஒடிந்துபோய், மாதக்கணக்கில் கழித்து அதைச் சுற்றிக் கட்டி திரண்டு வருவது நம் ஊரில் சாதாரணம். இதற்கு எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மரமும் முள்ளும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில்தான் தெரியும்.

வயலில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வலியில்லாமல் பாதம் மெல்ல வீங்கி, சிறு துளைகள் விழுந்து, அதன் வழியே கறுப்பாகவோ மஞ்சளாகவோ குருணை குருணையாக வெளியே வந்தால் அது மைசிடோமா. மதுரை வட்டாரத்தில் முதலில் விவரிக்கப்பட்டதால் மதுரா பாதம் என்றே பெயர். பூஞ்சையாலோ பாக்டீரியாவாலோ வரும் இந்த நோய்க்கு வைத்தியம் முற்றிலும் வேறு. தாமதித்தால் எலும்பு வரை போகும்.

3. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளை ஓரமாக வைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

- சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளர்வது
- 5 செ.மீ.க்கு மேல் அகலம் அல்லது ஆழத்தில் பதிந்திருப்பது
- நடக்காமல் படுத்திருக்கும்போதும், ராத்திரியிலும் வலி
- விரல்களில் மரத்துப் போவது, ஷாக் அடிப்பது போன்ற உணர்வு
- மேல்தோலில் புண், ரத்தம், புதிதாக வந்த கறுப்புத் திட்டு
- சிவந்து சூடாக இருப்பது, காய்ச்சல்
- குழந்தைகளுக்கு வந்த எந்தக் கட்டியும்

"வலியே இல்லை டாக்டர், அதான் விட்டுட்டேன்" என்பதை அடிக்கடி கேட்கிறேன். வலியில்லை என்பதை வைத்து நல்ல கட்டி என்று சொல்ல முடியாது. பாதத்தில் அரிதாக வரும் சைனோவியல் சார்கோமா என்ற புற்றுக்கட்டி இளவயதினரையும் பிடிக்கும். வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்து சாது மாதிரியே நடிக்கும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஸ்கேன் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்பதற்காகத்தான்.

4. அளந்து எழுதுங்கள்

கட்டியின் ஓரத்தை விரலால் தடவி, பால்பாயின்ட் பேனாவால் சுற்றிக் கோடு போடுங்கள். நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து தேதியோடு எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு போட்டோ. மாதம் ஒரு தடவை, காலையில், நடக்கத் தொடங்கும் முன். மாலையில் கால் வீங்கியிருப்பதால் அளவு ஏமாற்றும்.

"போன வருஷத்தைவிடப் பெரிசாயிருக்கு போல" என்று சொன்னால் மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஜனவரியில் 11, ஜூனில் 12 என்று எழுதிக் காட்டினால் அதை வைத்து முடிவெடுக்க முடியும். வலியையும் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாக எழுதுங்கள். எப்போது வலித்தது, அன்று காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதக் குறிப்பிலேயே பெரும்பாலும் குற்றவாளிச் செருப்பு மாட்டிக்கொள்ளும்.

5. எலும்பு மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவை

பாதம், கணுக்கால் பார்ப்பதில் அனுபவமுள்ள எலும்பு மருத்துவர் கிடைத்தால் நல்லது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எலும்புப் பிரிவிலும் தொடங்கலாம்.

நீங்களாகவே சொல்ல வேண்டிய விஷயங்கள் சில உண்டு, அவர் கேட்க மறக்கலாம். உள்ளங்கையில் கயிறு போலத் தடித்து விரல் மடங்குகிறதா? அது டுப்யூட்ரன் என்ற நிலை, இந்த நார்க்கட்டியின் நெருங்கிய உறவு. விரல் முட்டிகளின் மேல் தோல் தடித்திருக்கிறதா? ஆண்களுக்கு விறைப்பின்போது குறி வளைகிறதா? கூச்சப்பட்டு இதை மறைக்கிறவர்கள்தான் அதிகம், ஆனால் அதுவும் இதே குடும்பம்தான். அப்பா, அண்ணன் யாருக்காவது இவை உண்டா, சர்க்கரை உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரைக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு சொல்லப்படுகிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வந்து விழுவதோடு ஒப்பிட்டால் கட்டி ஒன்றுமே இல்லை.

முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட். நார்க்கட்டி என்றால், நார்ப்பட்டையோடு ஒட்டி, தோல் பக்கமாக, நடு தடித்து இரு முனையும் கூம்பிய கறுத்த ஒரு திரட்சி தெரியும். நீர் உள்ளதா, முள் உள்ளதா, ரத்த ஓட்டம் அதிகமா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். எக்ஸ்ரே பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். கட்டிக்குள் சுண்ணாம்புத் திட்டுகள் தெரிந்தால் மட்டும் மருத்துவர் முகம் மாறும், மேற்கொண்டு எம்.ஆர்.ஐ. எழுதுவார். சந்தேகம் இருந்தாலும் அறுவை பற்றிய பேச்சு வந்தாலும் எம்.ஆர்.ஐ. கட்டாயம். கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, பக்கத்தில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது.

இங்கே ஒரு பொதுவான இடறல். "சும்மா ஊசி குத்திப் பார்த்துடலாம்" என்று எஃப்.என்.ஏ.சி. என்ற ஊசிச் சோதனையை எழுதிக் கொடுப்பார்கள். நார்க்கட்டி கெட்டியாக இருப்பதால் ஊசியில் போதுமான செல்கள் வராமல் போவதுண்டு. புற்றுக்கட்டி என்ற சந்தேகம் இருந்தால் எந்த வழியாக ஊசி போக வேண்டும் என்பதை, பின்னால் அறுவை செய்யப் போகும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அதனால் ஸ்கேன் எடுத்த பிறகுதான் ஊசி.

6. கட்டியின் மேல் விழும் எடையை நகர்த்துங்கள்

நார்க்கட்டி என்று உறுதியாகி, வலியும் இல்லை என்றால் வைத்தியமே தேவையில்லை. 4-வது படியை மட்டும் தொடருங்கள். வலி இருந்தால் இந்தப் படிதான் வைத்தியத்தின் பெரும் பகுதி. கட்டியைச் சின்னதாக்குவது நம் கையில் இல்லை. அது தரையில் இடிக்காமல் பார்த்துக்கொள்வது முழுக்க நம் கையில் இருக்கிறது.

முதலில் செருப்பு. கையில் எடுத்து முன்னையும் பின்னையும் பிடித்து, துணி பிழிவது போல முறுக்குங்கள். சுலபமாக முறுகினாலோ நடுவில் மடங்கினாலோ அது உங்களுக்கு ஆகாது. விரல் மடங்கும் இடத்தில் மட்டும்தான் வளைய வேண்டும். அடிப்பாகம் நடுவில் வளைந்தால் நாண் ஒவ்வொரு அடிக்கும் அளவுக்கு மீறி இழுபடும், முடிச்சு வெளியே துருத்தும்.

கால் படும் மேலடுக்கு மென்மையாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்காகச் செய்யப்படும் எம்.சி.ஆர். செருப்பு இதற்கு நன்றாகப் பொருந்தும். நுண்துளை ரப்பர் அடுக்கு என்பதால் கட்டி அதில் கொஞ்சம் அமிழ்ந்துகொள்ளும். பின்வார் உள்ளதாக வாங்குங்கள். வார் இல்லாத செருப்பைப் பிடித்துக்கொள்ள விரல்கள் மடங்கி மடங்கி இழுக்கும், அந்த இழுவை நார்ப்பட்டைக்குத்தான் போகும்.

வாங்கும்போது பாத வளைவுக்கென்று மேடு வைத்த செருப்பைக் கடைக்காரர் ஆசையாக எடுத்துக் காட்டுவார். குதிகால் வலிக்காரர்களுக்கு அது சரி. உங்களுக்கு அந்த மேடு நேராகக் கட்டியின் மேல்தான் குத்தும். புதுச் செருப்பு வாங்கி வலி கூடியது என்று வருகிறவர்களின் செருப்பைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மேடுதான் இருக்கும்.

அடுத்தது குழி வெட்டிய பேட். செருப்புத் தைப்பவரிடமும் செய்யலாம், வீட்டிலேயும் செய்யலாம். 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள நுரை ரப்பர் அல்லது கம்பளி ஃபெல்ட் தாள் வேண்டும்.

செருப்பின் உள் அச்சுப்படி தாளை வெட்டி உள்ளே வையுங்கள். உட்கார்ந்துகொண்டு கட்டியின் உச்சியில் சாந்துப் பொட்டைத் தாராளமாக வையுங்கள். காயும் முன் காலைச் செருப்பில் நேராக இறக்கி, எழுந்து நின்று இரண்டு காலிலும் சம எடை போடுங்கள். ஐந்து எண்ணிவிட்டு நேராகத் தூக்குங்கள். இழுத்தால் பொட்டு அப்பிவிடும், மறுபடி செய்ய வேண்டியதுதான். தாளில் விழுந்த சிவப்பு வட்டம்தான் கட்டி இடிக்கும் இடம். உட்கார்ந்தபடியே அச்செடுத்தால் இடம் தப்பிவிடும், ஏனென்றால் நிற்கும்போது பாதம் நீண்டு வளைவு தாழ்கிறது.

அந்த வட்டத்துக்கு வெளியே நாலு பக்கமும் 4 மி.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தைக் கத்தரியாலோ உப்புத்தாளாலோ சரிவாக்குங்கள். நேர் விளிம்பாக விட்டால் கட்டியின் வலி போய் விளிம்பு வலி வரும். துளை ரொம்பச் சின்னதாக இருந்தால் கட்டி ஓரத்தில் ஏறும். ரொம்பப் பெரிதாக இருந்தால் சதை முழுக்க அந்தத் துளைக்குள் பிதுங்கும். முதல் தடவையே சரியாக வராது. எனக்கு மூன்றாவது தாள்தான் சரிப்பட்டது.

மறுகாலுக்கும் அதே கனத்தில் துளையில்லாத தாளைப் போடுங்கள். ஒரு கால் மட்டும் உயர்ந்தால் இடுப்பு முறையிடும். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் பேடைச் செருப்பில்தான் ஒட்ட வேண்டும், பசை போட்டுத் தோலில் ஒட்டக் கூடாது. தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்த்து, சிவந்த தடம் அரை மணி நேரத்துக்கு மேல் மறையாமல் இருந்தால் பேடைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் வீட்டுக்குள். மொசைக், கிரானைட், டைல்ஸ் எதுவானாலும் தரை கல்தான். வெளியே நல்ல செருப்புப் போட்டுவிட்டு வீட்டுக்குள் பத்து மணி நேரம் வெறுங்காலோடு நடந்தால் பலன் ஏது? வீட்டுக்கென்று தனியாக ஒரு மென்மையான செருப்பு வாங்குங்கள். பெரியவர்கள் அடுக்களைக்குள் செருப்பா என்று முகம் சுளிப்பார்கள். அதற்காகவே துவைத்து வைத்த ஒரு ஜோடியை அடுக்களை வாசலிலேயே வைத்துவிடச் சொல்வேன், சண்டை பாதி குறையும். கோயிலில் தடித்த பருத்தி சாக்ஸை அனுமதிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். வலி இருக்கிற மாதத்தில் வெறுங்காலோடு அதைச் சுற்றி வந்துவிட்டு மறுநாள் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஓய்வு மட்டும்தான்.

குழியில் எடை விழாது என்று மேலே சொன்னேன். தரையில் நிற்கும்போது அது உண்மை. ஏணிப்படி, பைக் ஃபுட்ரெஸ்ட், கிக்கர், சைக்கிள் பெடல் எல்லாம் நேராகக் குழியில்தான் அழுந்துகின்றன. தையல் மிஷின் மிதிக்கிற ஒரு அக்காவுக்கு எந்தச் செருப்பும் உதவவில்லை. கடையில் போய்ப் பார்த்தபோது மிதிபலகையின் விளிம்பு சரியாகக் கட்டியில் பட்டுக்கொண்டிருந்தது. ஸ்டூலை ஒரு சாண் பின்னால் நகர்த்தி, விரல் மேட்டால் மிதிக்கப் பழகியதும் இரண்டு வாரத்தில் வலி எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தது. பைக்கில் பாதத்தின் முன்மேட்டை ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் இருந்தால் கிக்கரை மறந்துவிடுங்கள்.

7. நீட்டுங்கள், உருட்டாதீர்கள்

கெண்டைக்கால் இறுகியிருந்தால் குதிகால் வழியாக நாணும் இறுகும். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். 30 நொடி, மூன்று தடவை, காலையும் மாலையும். படுக்கையை விட்டு எழும் முன் விரல்களைக் கையால் மெல்லப் பின்னுக்கு வளைத்து பத்து எண்ணுங்கள். இது கட்டியைச் சுருக்காது, இழுவையை மட்டும் குறைக்கும்.

டென்னிஸ் பந்து, உறைந்த தண்ணீர் பாட்டில் எல்லாம் குதிகால் வலிக்கான வீடியோக்களில் பார்த்தது. கட்டியின் மேல் பந்தை உருட்டினால் அது எரிச்சலடையும், அவ்வளவுதான். கட்டைவிரலால் தேய்த்துக் கரைக்கிறேன் என்கிறவர்களிடமும் காலைக் கொடுக்காதீர்கள். சூடான செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிப்பதும் குதிகால் வலிக்கான கைவைத்தியம்தான். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் அது கொப்புளத்தில் முடியும்.

8. அதன் பிறகுதான் மாத்திரை, ஊசி

6, 7 இரண்டையும் ஒழுங்காக மூன்று மாதம் செய்தும் வலி ஐந்துக்குக் கீழே வரவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வலி மாத்திரை வலிக்கிற சில நாட்களுக்கு மட்டும், அதுவும் மருத்துவர் சொல்லி. சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்கள் கடையில் தாமாக வாங்கவே கூடாது.

ஸ்டீராய்டு ஊசி கட்டியை மென்மையாக்கி வலியைக் குறைக்கலாம். கட்டி மறுபடி கெட்டிப்படுவதும் உண்டு. ஊசி போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவீர்களா? மொத்தம் எத்தனை, எவ்வளவு இடைவெளியில்? எனக்குச் சர்க்கரை இருக்கிறது, என்ன செய்வது? மருந்து கட்டிக்குள் போகாமல் சுற்றிலும் பரவினால், உள்ளங்காலின் இயற்கை மெத்தையான கொழுப்பு கரைந்துபோகும், தோல் வெளுக்கும், நார்ப்பட்டை அறுந்துபோகவும் கூடும். சர்க்கரை சில நாட்களுக்கு ஏறும் என்பதால் ஒரு வாரம் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிர்வலைச் சிகிச்சையில் வலி குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. வெராபமில் களிம்பைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், ஆதாரம் மெலிது, செலவு அதிகம். நான் சிபாரிசு செய்வதில்லை. கதிர்வீச்சு என்றதும் எல்லோரும் பதறுகிறார்கள். புற்றுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில், 3 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் ஐந்து நாள், சில வாரம் இடைவெளி, மறுபடி ஐந்து நாள் என்று மொத்தம் 30 கிரே கொடுப்பது வழக்கமான முறை. நெதர்லாந்தில் உண்மைக் கதிர்வீச்சையும் போலிக் கதிர்வீச்சையும் யாருக்கு எது என்று சொல்லாமல் கொடுத்து ஒப்பிட்டதில், உண்மையானதைப் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. இளவயதினருக்கு நீண்டகால ஆபத்தைக் கணக்கில் வைத்து, யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

9. கத்தி கடைசியில்

"ஒரு கட்டிதானே, வெட்டி எடுத்துட்டா முடிஞ்சது" என்பது கொழுப்புக் கட்டிக்கும் தோலடிப் பைக்கட்டிக்கும் பொருந்தும். முழுப் பையோடு எடுத்தால் அவை பெரும்பாலும் திரும்பாது. நீர்க்கட்டியை ஊசியால் உறிஞ்சலாம், ஆனால் அது திரும்பி வருவது சகஜம். முள்ளை எடுத்தால் கதை முடிந்தது.

நார்க்கட்டி அப்படியல்ல. கட்டியை மட்டும் கிள்ளி எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வருகிறது, சில சமயம் முன்னைவிட முரட்டுத்தனமாக. சுற்றியுள்ள பட்டையையும் சேர்த்து அகலமாக எடுத்தால் திரும்புவது குறையும். அதற்கு விலை உண்டு. காயம் ஆறத் தாமதம், விரல்களுக்குப் போகும் நரம்பில் அடி, மிதிக்கும்போது வலிக்கும் தழும்பு, வளைவு தாழ்ந்துபோவது எல்லாம் நடக்கலாம். அதனால் மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்து, நடக்கவே முடியவில்லை என்ற நிலையில்தான் இது.

மருத்துவரிடம் கேளுங்கள்: கட்டியை மட்டுமா, பட்டையோடா? கீறல் எடை விழாத இடத்திலா? எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்புவீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் ஆமாம் என்றுதான் வர வேண்டும்.

தேதிக்கு முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள். இரண்டு, மூன்று வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, தையலும் கிட்டத்தட்ட அதுவரை இருக்கும். ஒற்றைக் காலில் இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது என்பது பலருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது. கமோடு நாற்காலி, வாக்கர், தரைத்தளத்தில் கட்டில் மூன்றும் முன்னாலேயே வேண்டும். வாக்கரை அறுவைக்கு முந்திய வாரமே பழகிவிடுங்கள். புகைப்பவர்கள் நிறுத்தாமல் போனால் காயம் ஆறாது, உள்ளங்கால் தோல் ஏற்கெனவே மெதுவாக ஆறுவது.

அறுவைக்குப் பின் வரும் பெரிய தவறு பத்தாவது நாளில். வலி குறைந்துவிடும், "கொஞ்சம் ஊன்றிப் பார்க்கலாமே" என்று தோன்றும். அன்றைக்குத்தான் தையல் பிரியும்.

10. வருடம் ஒரு தடவை

கட்டி அடங்கியிருந்தாலும் மாத அளவைத் தொடருங்கள். ஒரு வருடம் மாறாமல் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். மறுகாலையும் உள்ளங்கைகளையும் தடவிப் பாருங்கள், ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இரண்டு காலிலும் வருகிறது. புதிதாக ஒன்று வந்தால் பழைய அனுபவத்தை வைத்து இதுவும் அதுதான் என்று நினைக்காமல் 1-வது படியிலிருந்து தொடங்குங்கள்.

நுரைத் தாள் ஆறேழு மாதத்தில் அமுங்கிவிடும். துளையைச் சுற்றி விரலால் அழுத்திப் பாருங்கள், மேலெழும்பி வரவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம். என்னுடையது இப்போது 14 மி.மீ., மூன்று வருடமாக அதே அளவு. போன மாதம் திடீரென வலித்தது. கட்டியைச் சந்தேகப்பட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன், கடைசியாகத் தாள் மாற்றியது ஒன்பது மாதத்துக்கு முன்பு.